கேளுங்க, சொல்றேன்: பாகு சூடா, பலகாரம் சூடா?

போன இதழ்ல கலாக்டோபூரெகோங்கற கிரேக்க இனிப்பு பத்தி சின்னதா ஒரு பத்தி எழுதியிருந்தேன். பால்ல ரவை போட்டு காய்ச்சின முட்டை கஸ்டர்ட், அதுக்கு கீழயும் மேலயும் மைதா மாவுல காகிதம் மாதிரி மெல்லிசா செஞ்ச ஃபிலோ ஷீட் அடுக்கு, ஓவன்லேர்ந்து எடுத்ததும் சர்க்கரைப் பாகு, இவ்ளோதான் அதுல இருந்துச்சு. அதுக்கு வந்திருக்கிற கேள்விங்கள பாத்தா நம்ம ஆளுங்க நெறைய பேரு உடனே செஞ்சே பாத்திருக்காங்கன்னு தெரியுது, ரொம்ப சந்தோஷமா இருக்கு, அதனால இந்த தடவை முழுக்க இதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி (ஈசூன் வாசகி): அக்கா, ஏதென்ஸ் டூர் போனப்ப ஒரு கடையில இத சாப்பிட்டேன், அப்பலேர்ந்து மனசுலயே இருக்கு. உங்க பத்திய படிச்சிட்டு நெட்ல ஒரு ரெசிபி எடுத்து செஞ்சேன். மேல் ஷீட் ஓவன்லேர்ந்து எடுக்கும்போது நல்லா முறுகலா இருந்துச்சு, பாகு ஊத்தி ஒரு மணி நேரத்துல சொதசொதன்னு ஆயிடுச்சு. கஸ்டர்டுல கட்டி கட்டியா ரவை, நடுநடுவுல முட்டை திரிஞ்ச துணுக்கு. அடி ஷீட் வேகவே இல்ல. அளவெல்லாம் சரியாத்தான் போட்டேன், எங்க தப்பு போச்சு?

பதில்: தங்கச்சி, அளவுல ஒண்ணும் தப்பு இருந்திருக்காது. இந்த பலகாரத்துல எல்லாமே ஈரத்த பொறுத்துதான் இருக்கு, எங்க ஈரம் வரணும், எங்க வரக்கூடாது, எப்ப வரணும். கிரீஸ் பக்கமெல்லாம் கோடையில காத்து காஞ்சு கெடக்கும், அங்க எழுதின ரெசிபில ஈரத்த பத்தி தனியா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, அவங்களுக்கு அது தேவையும் இல்ல. நம்ம சிங்கப்பூர்ல வருஷம் முழுக்க சராசரி ஈரப்பதமே 80 சதவீதத்துக்கு மேல, அதனால அவங்க சொல்லாம விட்டத நாமதான் சேத்துக்கணும்.

மொதல்ல கஸ்டர்ட். ஒரு லிட்டர் ஃபுல் க்ரீம் பாலுக்கு 120 கிராம் ரவை, 180 கிராம் சர்க்கரை, 4 முட்டை, கடைசியா 50 கிராம் வெண்ணெய், கொஞ்சம் வெனிலா, எலுமிச்ச தோல் துருவல். ரவைதான் முக்கியம். நாம உப்புமாவுக்கு வாங்குற ரவை பெருசு, அது பால்ல வெந்தாலும் நாக்குல நறநறன்னு தட்டும், அதுக்கு கிரேக்கர்கள் யூஸ் பண்றது பொடி ரவை. தேக்கா சந்தையிலயோ முஸ்தஃபா கடையிலயோ சிரோட்டி ரவைன்னு கேளுங்க, அது சரியா இருக்கும், கிடைக்கலன்னா வீட்ல இருக்கிற ரவையையே மிக்சில ஒரு சுத்து விட்டு எடுத்தா போதும், மாவா ஆக்கிடாதீங்க. வறுக்க வேணாம். கொதிக்கிற பால்ல ரவைய கொட்டினா கட்டி விழத்தான் செய்யும், பால் வெதுவெதுன்னு ஆனதும் பாதி சர்க்கரையோட ரவைய மெல்லிசா தூவிகிட்டே விஸ்க்கால கலக்குங்க, மிதமான தீயில கை விடாம கிண்டினா கொஞ்ச நேரத்துல கரண்டியில ஒட்டுற பதத்துக்கு வரும். அடுப்ப அணைச்சிடுங்க. மீதி சர்க்கரையோட முட்டைய வெளுத்து நுரைக்கிற வரைக்கும் அடிச்சு, அதுல மொதல்ல சூடான கஸ்டர்ட ஒரு ரெண்டு கரண்டி ஊத்தி கலக்கி முட்டைக்கு சூட்ட பழக்கிட்டு, அப்புறமா மொத்தத்தையும் பால்ல திருப்பி சேருங்க. முட்டைய நேரா கொதிக்கிற சட்டியில விட்டா திரியாம என்ன பண்ணும், உங்களுக்கு வந்த துணுக்கு அதனாலதான். வெண்ணெய், வெனிலா, துருவல் எல்லாத்தையும் இப்ப சேத்து, மேல ஏடு கட்டாம இருக்க கிளிங் ராப்ப கஸ்டர்ட் மேலயே ஒட்டின மாதிரி போட்டு மூடுங்க. கை பொறுக்கிற சூடு வந்ததும் ட்ரேல ஊத்தலாம், அத விட சூடா ஊத்தினா அடியில இருக்கிற ஷீட் ஆவியிலேயே வெந்து கொழகொழன்னு ஆயிடும்.

அடுத்தது வெண்ணெய், இங்கதான் நெறைய பேரு கவனிக்கறதில்ல. கடை வெண்ணெய்ல 80 சதவீதம்தான் கொழுப்பு, ஒரு 16 சதவீதம் தண்ணி. அத அப்படியே உருக்கி ஒவ்வொரு ஷீட்டுக்கும் தடவினா ஒவ்வொரு ஷீட்டுக்கும் தண்ணியும் சேத்து தடவுறோம்னு அர்த்தம். அங்க செம்மறி ஆட்டுப் பால் வெண்ணெய உருக்கி தெளிய வெச்சு எடுத்து யூஸ் பண்ற வழக்கம் இருக்கு. நமக்கு நெய் இருக்கு, நெய்ல தண்ணியும் இல்ல, கருகுற பால் சத்தும் இல்ல. ஆனா நல்லா காய்ச்சின வாசமான நெய் போட்டா கஸ்டர்டோட எலுமிச்ச வாசன அடங்கிப் போயிடும், கலாக்டோபூரெகோவா இல்லாம நம்மூர் ஸ்வீட்டா மாறிடும், அது எனக்கு பிடிக்கல, அதனால உப்பில்லாத வெண்ணெய மெல்லமா உருக்கி மேல நுரைய எடுத்துட்டு அடியில தங்குற வெள்ளைய விட்டுட்டு நடுவுல இருக்கிற மஞ்சள் எண்ணெய மட்டும் வடிகட்டி வெச்சுக்கங்க, 250 கிராம் வெண்ணெய் தாராளமா போதும்.

23க்கு 33 சென்டிமீட்டர் ட்ரே, உலோக ட்ரேயா இருக்கட்டும், கண்ணாடி ட்ரே சூடாக நேரம் எடுக்கும், உங்களுக்கு அடி வேகாததுக்கு அது ஒரு காரணமா இருக்கலாம். ஷீட்ல பாதிக்கு கொஞ்சம் கூடவே அடியில போடுங்க, ஓரம் வெளிய தொங்கட்டும். கஸ்டர்ட் ஊத்தி தொங்குற ஓரத்த உள்ள மடிச்சு மீதி ஷீட்ட மேல அடுக்குங்க. ஓவனுக்கு போறதுக்கு முன்னாடியே மேல் ஷீட்ட மட்டும் கூரான கத்தியால துண்டு துண்டா கீறிடணும், சுட்டப்புறம் கீறினா நொறுங்கிடும், பாகு எறங்கறதுக்கும் வழி இருக்காது. மேல கையால கொஞ்சம் தண்ணி தெளிச்சா ஷீட் சுருண்டு நிக்காது. 170 டிகிரில, கீழ் தட்டுல வெச்சு 50 நிமிஷத்துலேர்ந்து ஒரு மணி நேரம். வெளிர் மஞ்சள்ல எடுத்துடாதீங்க, நல்ல பொன் நிறம் வந்து ஓரமெல்லாம் கொஞ்சம் பழுப்பேறினாத்தான் உள்ள இருக்கிற தண்ணி போயிருக்குன்னு அர்த்தம். அவசரப்பட்டு எடுக்கிறதுதான் சொதசொதப்புக்கு பாதிக் காரணம்.

இப்ப பாகு. சுட்ட பலகாரம் சூடா இருந்தா பாகு முழுசா ஆறியிருக்கணும், பலகாரம் ஆறியிருந்தா பாகு சூடா இருக்கணும். ரெண்டும் சூடா இருந்தா ஆவி அடைபட்டு ஷீட் ஊறிப் போயிடும், ரெண்டும் ஆறியிருந்தா பாகு உள்ள எறங்காம ட்ரேலயே நிக்கும். கலாக்டோபூரெகோவுக்கு பாகுதான் ஆறினது, பலகாரம்தான் சூடு, அதனால பாக மொதல்லயே காய்ச்சி வெச்சிடுங்க, கஸ்டர்ட் கிண்டறதுக்கும் முன்னாடி. 400 கிராம் சர்க்கரை, 250 மில்லி தண்ணி, ஒரு துண்டு பட்டை, எலுமிச்ச தோல், ஒரு டீஸ்பூன் எலுமிச்ச சாறு. ட்ரே வெளிய வந்த உடனே கரண்டி கரண்டியா, கீறின கோட்டு வழியா, பொறுமையா ஊத்துங்க, உஸ்ஸுன்னு சத்தம் வரணும். ஒரே எடத்துல கொட்டாதீங்க.

ஊத்தினப்புறம் மூடவே கூடாது. நம்ம வீட்ல ஈ எறும்பு பயத்துல மூடி வெக்கறது பழக்கம், இங்க மூடினா உள்ளிருந்து கெளம்புற ஆவி மூடில பட்டு சொட்டா திரும்பி மேல் ஷீட்லயே விழும், நீங்களும் அதத்தான் செஞ்சிருப்பீங்கன்னு நெனைக்கிறேன். எறும்பு வரும்னா ஒரு தட்டுல தண்ணி ஊத்தி அதுக்கு நடுவுல ஒரு கிண்ணத்த கவுத்து அது மேல ட்ரேய வைங்க. ஏர்கான் ரூம்ல வெச்சா இன்னும் நல்லது, காத்து காஞ்சிருக்கும். ரெண்டு மூணு மணி நேரம் ஊறட்டும், அப்பதான் கஸ்டர்ட் வெட்ற மாதிரி நிக்கும். அதுக்கு மேல நம்ம ஊர் வெக்கையில பாலும் முட்டையும் போட்ட சாமான வெளிய விடாதீங்க, மீதிய ஃப்ரிட்ஜ்ல போட்டுடுங்க. மறுநாள் ஓவன்ல 150 டிகிரில பத்து நிமிஷம் காட்டினா முறுகல் ஓரளவுக்கு திரும்பும். ஆனா இது செஞ்ச அன்னைக்கே சாப்பிட வேண்டிய பலகாரம், யாராவது வீட்டுக்கு வர்ற நாளா பாத்து செய்யுங்க.

கேள்வி (ஜூரோங் வெஸ்ட் வாசகர்): ஃபிலோ ஷீட் பாக்கெட்ட பிரிச்சதுமே பாதி ஒட்டிக்கிட்டு பாதி பொடிஞ்சு போச்சு. கெட்டுப்போன பாக்கெட்டா? அதுக்கு பதிலா பொப்பியா தோல் (ஸ்பிரிங் ரோலுக்கு சுத்தறது) வாங்கிக்கலாமா, இல்ல நானே வீட்ல மாவு பெசஞ்சு இழுக்கலாமா? எங்க அப்பா பிராட்டா (பரோட்டா) கடையில வேல பாத்தவரு.

பதில்: தம்பி, பெரும்பாலும் பாக்கெட் கெட்டதில்ல, ஐஸ் எறங்கின விதம்தான். ஃபிலோ இங்க நமக்கு ஃப்ரோசனாத்தான் கிடைக்குது, கோல்ட் ஸ்டோரேஜ், பெரிய ஃபேர்பிரைஸ், பேக்கிங் சாமான் விக்கிற கடைங்கள்ல எல்லாம் ஃப்ரீசர் பக்கம் பாருங்க. வாங்கி வந்ததும் மொத நாள் ராத்திரியே ஃப்ரீசர்லேர்ந்து கீழ ஃப்ரிட்ஜுக்கு மாத்திடுங்க. மறுநாள் செய்யறதுக்கு ஒரு ரெண்டு மணி நேரம் முன்னாடி வெளிய எடுத்து வைங்க, ஆனா பாக்கெட்ட பிரிக்காதீங்க. இது சிங்கப்பூர்ல ரொம்ப முக்கியம். குளிர்ந்த பாக்கெட்ட நம்ம ஈரக்காத்துல பிரிச்சா ஷீட் மேல அப்படியே பனி மாதிரி தண்ணி பூக்கும், அதுதான் ஒட்டிக்கிட்டதுக்கு காரணம். பொடிஞ்சது எதனாலன்னா கடைக்கும் வீட்டுக்கும் நடுவுல ஒரு தடவ உருகி திரும்ப உறைஞ்சிருக்கும், இல்ல பிரிச்சப்புறம் ஏர்கான் காத்துக்கு நேரா வெச்சிருப்பீங்க. வெளிய இருந்தா ஒட்டும், ஏர்கான்ல இருந்தா பத்து நிமிஷத்துல காஞ்சு வெடிக்கும், அதனால எங்க வெச்சாலும் மேல ஒரு காஞ்ச துணி, ஏர்கான் ரூமா இருந்தா மட்டும் அந்த காஞ்ச துணிக்கு மேல பிழிஞ்ச ஈரத்துணி ஒண்ணு. ஈரத்துணி நேரா ஷீட்ட தொடவே கூடாது. வெண்ணெய், பிரஷ், ட்ரே எல்லாம் ரெடியா பக்கத்துல இருக்கும்போதுதான் பாக்கெட்ட பிரிக்கணும்.

ஒண்ணு ரெண்டு கிழிஞ்சா கவலையே படாதீங்க, கிழிஞ்சத நடு அடுக்குல வெண்ணெய் தடவி ஒட்டிடலாம், மேல வர்ற ரெண்டு மூணு ஷீட் மட்டும் முழுசா இருந்தா போதும்.

பொப்பியா தோல் வேணாம். எண்ணெய்ல பொரிக்க அது பிரமாதம், ஆனா அடுக்கி ஓவன்ல சுட்டா தோலு மாதிரி இழுக்கும், பாகு பட்டா இன்னும் இழுக்கும். வீட்ல மாவு பெசயறதுக்கு வரேன். கிரேக்க கிராமங்கள்ல இன்னைக்கும் வீட்லயே மைதா, தண்ணி, உப்பு, ஆலிவ் எண்ணெய், கொஞ்சம் வினிகர் போட்டு பெசஞ்சு, நீளமான மெல்லிசு குச்சியால தேச்சு விரிக்கிறாங்க, அது கடை ஷீட்ட விட கனமா இருக்கும், கீரையும் சீஸும் உள்ள வெச்சு சுடற பலகாரத்துக்கு அது அருமையா பொருந்தும். கலாக்டோபூரெகோவுக்கு அவங்களே பெரும்பாலும் கடை ஃபிலோதான் வாங்குறாங்க. ஆனா உங்க அப்பாவுக்கு பிராட்டா மாவ வீசி இழுக்கிற கை இருக்குன்னா அவர கேக்காம விடாதீங்க, மாவு ஊறவும் இழுபடவும் எவ்வளவு நேரம் விடணும்னு அவருக்கு தெரிஞ்ச அளவுக்கு எந்த ரெசிபிக்கும் தெரியாது. ஒரு தடவ அவரோட சேந்து இழுத்துப் பாருங்க, மேசை மேல துணி விரிச்சு, அதுல சோள மாவு (கார்ன்ஃப்ளார்) தூவி. என்ன வந்துச்சுன்னு எனக்கு கண்டிப்பா எழுதுங்க தம்பி.

கேள்வி (தெம்பனிஸ் வாசகி): பாகு ஒரு கம்பிப் பதமா ரெண்டு கம்பியா? நான் ஒரு கம்பில எறக்கினேன், ஆறினதும் சர்க்கரை பூத்து வெள்ளையா கட்டிப் போச்சு.

பதில்: ஒரு கம்பிக்கும் முன்னாடியே எறக்கணும்மா. நாம குலோப் ஜாமுனுக்கு வெப்போமே, ரெண்டு விரலால தொட்டா பிசுக்குன்னு ஒட்டணும், கம்பி இழுக்க ஆரம்பிக்கிற அந்த நேரத்துக்கு ஒரு படி முன்னாடி. சர்க்கரை முழுசா கரைஞ்சு கொதி வந்ததிலேர்ந்து நாலஞ்சு நிமிஷம்தான். ஆறும்போது அது தானா இன்னும் கெட்டியாகும், ஒரு கம்பில எறக்கினா ஆறினப்புறம் ஷீட்டுக்குள்ள போக மாட்டேங்குது, மேலயே உக்காந்துக்கும். பூத்ததுக்கு காரணம் வேற, கொதி வந்தப்புறமும் கரண்டி போட்டு கிண்டியிருப்பீங்க, இல்ல சட்டி ஓரத்துல ஒட்டின சர்க்கரை உள்ள விழுந்திருக்கும். ஒரு மணி சர்க்கரை போதும், மொத்தமும் அத பிடிச்சிக்கிட்டு பூத்துடும். எலுமிச்ச சாறு அதுக்குத்தான், புளிப்பு பட்டா சர்க்கரையில கொஞ்சம் குளுக்கோஸாவும் ஃப்ரக்டோஸாவும் பிரியும், அது கலந்திருந்தா மீதி சர்க்கரை சீக்கிரம் பூக்காது. நம்ம பாட்டிங்க பாகுல எலுமிச்சம்பழம் பிழிஞ்சது இதே காரணத்துக்குத்தான். பூத்துப் போன பாக கொட்டிடாதீங்க, கொஞ்சம் தண்ணி விட்டு திரும்ப கொதிக்க வெச்சா சரியாயிடும்.

தேன் சேக்கலாமான்னு இன்னொருத்தர் கேட்டிருந்தாங்க. ஃபிலோவுக்கு நடுவுல பருப்பு வெச்சு அடுக்கற பக்லவாவுக்கு சேக்கறாங்க, இதுக்கு பெரும்பாலும் சேக்கறதில்ல, பால் ருசி அடிபடும்.

கேள்வி (செங்காங் வாசகி): எங்க வீட்ல மாமியார் முட்டை சாப்பிட மாட்டாங்க, புரட்டாசி மாசம் வேற வருது. முட்டை இல்லாம கலாக்டோபூரெகோ செய்யலாமா?

பதில்: சோள மாவு போட்டு செய்யறவங்க இருக்காங்க, செய்யவும் முடியும், ஆனா அது வெறும் பால் கஞ்சி மாதிரிதான் நிக்கும், முட்டை குடுக்கிற அந்த மெதுமெதுப்பு வராது. உங்க மாமியாருக்கு நான் வேற ஒண்ணு சொல்றேன், அது கிரேக்க வீடுங்கள்ல ரொம்ப சாதாரணமா செய்யற பலகாரம், அதுல முட்டையும் இல்ல பாலும் இல்ல நெய்யும் இல்ல. சிமிக்டாலேனியோஸ் ஹல்வாஸ், அதாவது ரவை அல்வா. ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற பெரிய நோன்பு காலத்துல ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவங்க கறி, முட்டை, பால் எல்லாம் விட்டுடுவாங்க, அந்த நாள்ல இது ரொம்ப செய்வாங்க, அதனாலதான் ஆலிவ் எண்ணெய்ல கிண்டறது.

அளவு அங்க சின்னப் புள்ளைக்கும் தெரியும், ஒண்ணு ரெண்டு மூணு நாலு. ஒரு கப் எண்ணெய், ரெண்டு கப் ரவை, மூணு கப் சர்க்கரை, நாலு கப் தண்ணி. இதுக்கு நம்ம உப்புமா ரவைதான் சரி, பொடி ரவை வேணாம். சர்க்கரையும் தண்ணியும் பட்டை, கிராம்பு, ஆரஞ்சு தோல் போட்டு ஒரு சட்டியில அஞ்சு நிமிஷம் கொதிக்கட்டும். இன்னொரு அடிகனமான பெரிய சட்டியில எண்ணெய்ல ரவைய வறுங்க, வறுங்கன்னா நாம கேசரிக்கு வறுக்கிற மாதிரி வாசம் வந்ததும் நிறுத்தறது இல்ல, நல்லா செவந்து கடலை வறுத்த நிறம் வரணும், பத்து பதினஞ்சு நிமிஷம் ஆகும், கை விடக்கூடாது. பாதாம் இருந்தா அதோட சேத்து வறுங்க. அடுப்ப அணைச்சிட்டு, பட்டை கிராம்ப எடுத்துட்டு, சூடான பாக கரண்டி கரண்டியா விடுங்க. ரொம்ப ஜாக்கிரத, பயங்கரமா பொங்கி தெறிக்கும், நீளக் கரண்டியும் கையில துணியும் இல்லாம இத செய்யாதீங்க, புள்ளைங்கள கிச்சன் பக்கமே விடாதீங்க. திரும்ப சின்ன தீயில வெச்சு சட்டிய விட்டு சுருண்டு வர்ற வரைக்கும் கிண்டி, துணி போட்டு பத்து நிமிஷம் மூடி, கேக் அச்சுல அமுக்கி ஆற விடுங்க. கவுத்து எடுத்து மேல பட்டைத்தூள் தூவினா முடிஞ்சுது.

ஆலிவ் எண்ணெய் வாசம் வீட்ல பிடிக்காதுன்னா லைட் ஆலிவ் வாங்குங்க, இல்ல பாதிக்கு பாதி சூரியகாந்தி எண்ணெய் கலந்துக்கங்க. நெய் ஊத்தினா நல்லாத்தான் இருக்கும், ஆனா அப்ப அது நம்ம கேசரி ஆயிடும், அதுக்கு கிரீஸ் வரைக்கும் போக வேண்டியதில்லையே. உங்க மாமியார் ஒரு வாய் போட்டதும் இதுல என்ன எண்ணெய்னு கண்டிப்பா கேப்பாங்க.

கேள்வி (பிடோக் வாசகர்): அக்கா, நாங்க முஸ்லிம் குடும்பம். கிரேக்க இனிப்புல பிராந்தி எல்லாம் ஊத்துவாங்கன்னு கேள்விப்பட்டேன். நோன்பு தொறக்கறதுக்கு ஏத்த மாதிரி ஏதாவது சொல்லுங்களேன்.

பதில்: சில பாகுல பிராந்தி ஊத்தறது உண்மைதான், அத விட்டுட்டா பலகாரத்துக்கு ஒண்ணும் கொறையாது, அந்த அளவுக்கு ஆரஞ்சு சாறு ஊத்திக்கலாம். நீங்க கவனிக்க வேண்டியது வெனிலா எசென்ஸ், பாட்டில்ல வர்றது நெறைய ஆல்கஹால்ல ஊற வெச்சது. கிரீஸ்ல வீட்டுக்கு வீடு சின்ன குப்பியில வெனிலா பவுடர்தான் யூஸ் பண்றாங்க, நீங்களும் பவுடரே வாங்கிடுங்க. ஃபிலோ பாக்கெட்ல முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) ஹலால் முத்திரையோ வேற ஏத்துக்கற முத்திரையோ இருக்கான்னு பாத்துக்கங்க.

நோன்பு தொறக்க நான் லூக்குமாதேஸ்னு சொல்வேன். ஈஸ்ட் போட்டு பொங்க வெச்ச மாவ சின்ன சின்ன உருண்டையா எண்ணெய்ல பொரிச்சு, சுடச்சுட தேன் ஊத்தி, பட்டைத்தூளும் வால்நட்டும் தூவறது. உங்க வீட்டு பெரியவங்களுக்கு இது புதுசா இருக்காது, அரபு நாடுகள்ல லுக்கைமாத்னு ரமலான்ல இதே குடும்பத்துப் பலகாரம்தான் செய்யறாங்க, துருக்கியில லோக்மா. 400 கிராம் மைதா, ரெண்டு ஸ்பூன் சோள மாவு, 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், ஒரு டீஸ்பூன் சர்க்கரை, உப்பு, 380 மில்லி வெதுவெதுப்பான தண்ணி, நல்லா அடிச்சு மூடி வைங்க. ரெசிபில ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம்னு போட்டிருக்கும், நம்ம வீட்டு வெக்கையில அவ்வளவு வேணாம், முக்கால் மணி நேரத்துலயே ரெண்டு மடங்காகி குமிழ் விட்டுடும், அதுக்கு மேல விட்டா புளிச்ச வாடை வரும். இடது கையால மாவ அள்ளி மெதுவா அமுக்கினா பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல உருண்டையா பிதுங்கும், எண்ணெய் தொட்ட ஸ்பூனால வழிச்சு எண்ணெய்ல விடுங்க. போண்டா போட்டு பழகின கைக்கு இது ஒண்ணுமே இல்ல. எண்ணெய் 175 டிகிரி, சூடு கொறஞ்சா எண்ணெய குடிச்சிடும். இத முன்கூட்டியே செஞ்சு வெக்க முடியாது, பாங்கு சொல்றதுக்கு அரை மணி நேரம் முன்னாடி பொரிக்க ஆரம்பிங்க, தேன சாப்பிடும்போது ஊத்துங்க.

கேள்வி (சுவா சூ காங் வாசகி): ஏர்ஃப்ரையர்ல கலாக்டோபூரெகோ வருமா?

பதில்: பெரிய ட்ரேல வராதும்மா, மேல கருகி உள்ள வேகாது. ஷீட்ட நீளமா வெட்டி கஸ்டர்ட் வெச்சு சுருள் சுருளா செஞ்சா 160 டிகிரில பதினஞ்சு நிமிஷம் மாதிரி வரும், ஷீட் காத்துல பறக்காம மடிப்ப கீழ பாத்து வைங்க.

கேள்வி (ஹவ்காங் வாசகி): அப்பாவுக்கு சர்க்கரை நோய். பாகுல பாதி சர்க்கரை கொறைச்சா போதுமா?

பதில்: பாகுல பாதிய கொறைச்சா அது பாகாவே இருக்காது, தண்ணியாகி ஷீட்டெல்லாம் ஊறிடும். இனிப்பு மாத்திரை வகை சர்க்கரையிலயும் அந்த பிசுக்கு வராது. அதனால இந்த பலகாரத்த அவருக்கு ஏத்த மாதிரி மாத்தறத விட, அவருக்கு வேற ஒண்ணு செஞ்சு குடுங்கன்னுதான் சொல்வேன். கிரேக்கர்களே சாப்பாட்டுக்கு அப்புறம் கெட்டித் தயிர்ல கொஞ்சம் வால்நட், பழம் போட்டு சாப்பிடுவாங்க, மேல ஊத்தற தேன விட்டுட்டு பட்டைத்தூள் தூவி குடுங்க. எவ்வளவு சாப்பிடலாம்னு அவரோட டாக்டர்ட்ட கேட்டுக்கங்க.

கேள்வி (கிளமென்டி வாசகர்): ஆபீஸ் நண்பர் ஒருத்தர் கிரீஸ் போயிட்டு வந்து மஸ்திஹான்னு ஒரு சின்ன டப்பா குடுத்தாரு, கண்ணாடித் துண்டு மாதிரி இருக்கு. மிக்சில போட்டேன், பிளேடுல பிசினா ஒட்டிக்கிச்சு. இத என்ன பண்றது?

பதில்: நல்ல நண்பர் உங்களுக்கு! அது கியோஸ்ங்கற தீவுல, அதுவும் தீவோட தெக்குப் பக்கம் வளர்ற மரத்தோட பிசின். பட்டைய கீறி விட்டா சொட்டு சொட்டா வடிஞ்சு காஞ்சு கெட்டியாகும், அத கையால பொறுக்கி சுத்தம் பண்ணுவாங்க. 1997ல ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பேர அந்தத் தீவுக்கே உரியதுன்னு பாதுகாத்துச்சு, 2014ல யுனெஸ்கோ அந்த சாகுபடி அறிவ மரபுப் பட்டியல்ல சேத்துச்சு. அவ்வளவு வேலை அதுல இருக்கு, அதனால வீணாக்காதீங்க.

சூடு பட்டா எளகிடும், நம்ம கிச்சன்ல மிக்சி ஓடற சூடே போதும். அரை மணி நேரம் ஃப்ரீசர்ல வெச்சு, எடுத்த உடனே ஒரு ஸ்பூன் சர்க்கரையோட சின்ன உரல்ல இடிங்க, பொடியாயிடும். ஒரு லிட்டர் பால் கஸ்டர்டுக்கு ரெண்டு மூணு சின்ன துண்டு போதும், நாம பாயசத்துக்கு பச்சைக் கற்பூரம் போடற அளவ மனசுல வெச்சுக்கங்க, கூடிப் போனா கசக்கும். அரிசி பாயசம் மாதிரி அவங்க ரிசோகலோன்னு ஒண்ணு செய்வாங்க, அரிசி, பால், சர்க்கரை, மேல பட்டைத்தூள், ஜில்லுன்னு சாப்பிடறது. உங்க மஸ்திஹாவுக்கு மொத மொத செஞ்சு பாக்க அதுதான் நல்லது. பிளேடுல ஒட்டினத சுரண்டாதீங்க, சமையல் எண்ணெய் தடவி ஊற வெச்சு தொடைச்சா வந்துடும்.

கேள்வி (உட்லண்ட்ஸ் வாசகர்): என்எஸ் (தேசிய சேவை) பண்றேன் அக்கா, வீக்கெண்ட்ல வீட்டுக்கு வரும்போது அம்மாவுக்கு ஏதாவது செஞ்சு குடுக்கணும்னு ஆச. ஃபிலோ வாங்கி கலாக்டோபூரெகோ ட்ரை பண்ண போயி எல்லா ஷீட்டும் கிழிஞ்சு போச்சு. தூக்கிப் போடவா?

பதில்: தூக்கிப் போடாதீங்க தம்பி! கிழிஞ்ச ஷீட்டுக்குன்னே ஒரு கேக் இருக்கு, போர்ட்டோகாலோபிட்டா, ஆரஞ்சு கேக். அதுல தனியா மைதா போடறது கெடையாது, அதுக்கு பதிலா காஞ்ச ஃபிலோ துண்டுதான். இந்த எல்லாத்துலயும் மொத தடவ செய்யறவங்களுக்கு நான் இதத்தான் சொல்லணும், கலாக்டோபூரெகோவ விட இது ரொம்ப சுலபம்.

ஒரு பாக்கெட் ஷீட்ட ரிப்பன் ரிப்பனா கிழிச்சு, ட்ரேல பரப்பி, ஓவன்ல 100 டிகிரில இருபது நிமிஷம் மாதிரி காய விடுங்க. அங்க சும்மா வெளிய வெச்சே காய வெச்சிடுவாங்க, இங்க வெளிய வெச்சா நாள் முழுக்க ஆனாலும் காயாது. தொட்டா மொறுமொறுன்னு நொறுங்கணும். 4 முட்டை, 180 கிராம் சர்க்கரை அடிச்சு, 200 மில்லி சூரியகாந்தி எண்ணெய், 200 கிராம் கெட்டித் தயிர், ரெண்டு ஆரஞ்சோட தோல் துருவல், ஒரு ஆரஞ்சு சாறு, ஒரு டேபிள்ஸ்பூன் பேக்கிங் பவுடர் சேத்து கலக்கி, காஞ்ச துண்டுங்கள கொஞ்சம் கொஞ்சமா உதிர்த்து போட்டு கலக்குங்க, ஒரேயடியா கொட்டினா உருண்டையா சேந்துக்கும். எண்ணெய் தடவின ட்ரேல 180 டிகிரில 40 நிமிஷம். பாகுக்கு 300 கிராம் சர்க்கரை, 300 மில்லி தண்ணி, ஒரு பட்டை, ஆரஞ்சு தோல், இது கலாக்டோபூரெகோ பாக விட கொஞ்சம் தண்ணியா இருக்கணும், ஏன்னா கேக் முழுக்க உறிஞ்சணும். பாகு ஆறினது, கேக் சூடு. ஊத்தறதுக்கு முன்னாடி குச்சியால அங்கங்க குத்திடுங்க.

இதுல மேல முறுகணும்ங்கற பேச்சே இல்ல, அதனால நம்ம ஈரக்காத்தால ஒண்ணும் பண்ண முடியாது. ஃப்ரிட்ஜ்ல வெச்சு மறுநாள் ஜில்லுன்னு சாப்பிட்டா இன்னும் நல்லா இருக்கும், சனிக்கிழமை ராத்திரி செஞ்சு வெச்சிடுங்க, ஞாயித்துக்கிழமை நீங்க கேம்புக்கு கெளம்பறதுக்கு முன்னாடி அம்மாவோட உக்காந்து சாப்பிடலாம், மீதி அவங்களுக்கு வாரத்துல நாலு நாள் வரும்.